டேங்க் கொஞ்சம் ஆடணும்

வழக்கமா இந்தப் பக்கத்துல நாத்தங்கால், ஏரித் தண்ணி, மாட்டு மடிநோவுன்னு எழுதறவன் நான். இன்னைக்கு மோட்டார் சைக்கிள் பெட்ரோல் டேங்கைப் பத்தி எழுதறேன். "உனக்கெதுக்குய்யா இந்த வேலை"ன்னு கேக்கறவங்க கடைசி வரைக்கும் படிச்சிட்டுக் கேளுங்க. படப்பைக்கும் மணிமங்கலத்துக்கும் நடுவுல இருக்கற எங்க ஊர்ல, எங்க தெருவுல மட்டும் ஏழு வண்டி நிக்குது, கம்பெனி கொடுத்த டேங்க் இல்லாம வேற டேங்க் மாட்டினது. ஏழையும் கையால பிடிச்சு ஆட்டிப் பாத்தேன். அஞ்சு வண்டியில டேங்க் கல்லு மாதிரி நிக்குது. அதைத்தான் பசங்க பெருமையா சொல்றாங்க. என் சண்டையே அந்தக் கல்லோடதான்.

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். பெட்ரோல் டேங்க் சேஸோட இறுகிப் போகக் கூடாது. ரப்பர் மேல உக்காந்து கொஞ்சம் ஆடணும். அது தெரியாம மாட்டித் தர்ற பட்டறைக்காரர் செய்யறது தப்பு. அதை யாருக்கும் சொல்லித் தராம அபராதம் மட்டும் போடற சட்டம் செய்யறதும் தப்பு.

இந்த மோகம் தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிடறேன். பையன் ஒரு பழைய ஆர்எக்ஸ் 100 வாங்குவான். அந்த வண்டி 1985-ல வந்து 1996-ல நின்னு போச்சு. அதாவது வண்டிக்கு வயசு இவனை விட அதிகம். இல்லன்னா அப்பா ஓட்டின பழைய ஸ்ப்ளெண்டர், மாமா ஓட்டின புல்லட். வாங்கின உடனே பின்பக்க சேஸை அறுப்பான். தட்டையா ஒரு சீட்டு போடுவான். அப்புறம் சென்னைக்குப் போய் புதுப்பேட்டையில தேடி, வேற ஏதோ ஒரு வண்டியோட டேங்கை வாங்கிட்டு வருவான். நீளமா, ரெண்டு பக்கமும் முட்டிக்குக் குழி விழுந்த மாதிரி இருக்கணும். அதுதான் இப்ப அழகு. அழகு விஷயத்துல நான் வாயைத் திறக்கல. எங்க காலத்துல கட்டை வண்டிக்கு மாட்டுக் கொம்புல பித்தளைப் பூண் மாட்டி, கழுத்துல சலங்கை கட்டி ஓட்டினவங்கதான் நாங்களும்.

சங்கடம் எங்க ஆரம்பிக்குதுன்னா, அந்த டேங்க் இந்த சேஸுக்குப் பொருந்தாது. டேங்க் அடியில ஒரு வாய்க்கால் மாதிரிப் பள்ளம் இருக்கும், அதுக்குள்ளதான் சேஸோட முதுகுக் குழாய் போகணும். ஒரு வண்டியில குழாய் தடிமன், ஒண்ணுல மெலிசு. ஒண்ணுல பிடிப்பு முன்னாடி, ஒண்ணுல தள்ளி இருக்கும். பட்டறைக்காரர் பாக்கறார். "விடு தம்பி, பட்டை வச்சு வெல்டு அடிச்சுடறேன், ஆடவே ஆடாது"ங்கறார். அங்கதான் சனியன் பிடிக்குது.

கம்பெனிக்காரன் எப்படி மாட்டியிருக்கான்னு வீட்டுல இருக்கற ஏதாவது ஒரு 100 சிசி வண்டியோட சீட்டைக் கழட்டிப் பாருங்க. பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். முன்பக்கம், ஹாண்டில் கழுத்துக்குப் பின்னாடி, முதுகுக் குழாயோட ரெண்டு பக்கமும் குண்டு குண்டா ரெண்டு ரப்பர். டேங்க் அடியில இருக்கற கவட்டை மாதிரி தகடு அந்த ரப்பர் மேல சொருகி உக்காரும். அங்க போல்ட்டே கிடையாது. பின்பக்கம் ஒரே ஒரு போல்ட். அதுலயும் ரப்பர், ரப்பர் நடுவுல ஒரு இரும்புக் குழல். போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அந்த இறுக்கத்தைக் குழல் வாங்கிக்கும், ரப்பர் நசுங்காது, டேங்க் அந்த ரப்பர்ல மிதந்துகிட்டு இருக்கும்.

இதை ஏன் இப்படிப் பண்ணி வச்சிருக்கான்? காசு மிச்சம் பிடிக்கவா? வெல்டு அடிக்கறது இதை விட மலிவு ஆச்சே. காரணம் ரெண்டு.

ஒண்ணு, நடுக்கம். ஆர்எக்ஸ் 100 முழு வேகத்துல நிமிஷத்துக்கு 7500 சுத்து சுத்தும். நொடிக்கு 125. ஒத்தை சிலிண்டர் வண்டி, ஒவ்வொரு சுத்துக்கும் சேஸ் அதிரும். கிணத்து மேட்டுல டீசல் இன்ஜின் வச்சு ஓட்டினவங்களுக்கு இது புதுசு இல்லை. அது இதுல அஞ்சுல ஒரு பங்கு வேகத்துல ஓடற இன்ஜின்தான். அதுலயே டேங்கைப் பிடிச்சிருக்கற பட்டைக்கு அடியில ரப்பர் தேஞ்சு போனா, ஒரு போகம் முடியறதுக்குள்ள பட்டை ஓரத்துல மயிரிழை மாதிரி வெடிப்பு விட்டு டீசல் கசியும். டீசல் கசிஞ்சா கை நாறும், அவ்வளவுதான். பெட்ரோல் அப்படி இல்லை.

ரெண்டு, முறுக்கம். பள்ளத்துல விழுந்து எழும்போது சேஸ் கண்ணுக்குத் தெரியாம முறுக்கிக்கும். சேஸ் குழாய் தடிமன், அது முறுக்கித் திரும்பி வந்துடும். டேங்க் தகடு ஒரு மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். ரெண்டையும் வெல்டு வச்சு ஒண்ணாக்கிட்டா, சேஸோட முறுக்கம் பூரா அந்த மெல்லிசுத் தகட்டுக்குப் போகுது. மூணு இடத்துல மட்டும் பிடிச்சு வைக்கறதும் இதுக்காகத்தான். முக்காலியை மேடு பள்ளத்துல வச்சாலும் உக்காரும். நாலு கால் பெஞ்சியை வச்சா ஒரு கால் தூக்கிக்கும். நாலு மூலையிலயும் போல்ட் போட்டு இறுக்கின டேங்க், சேஸ் முறுக்கற போதெல்லாம் ஒரு மூலையில பிய்யப் பாக்குது.

இதுல எடையையும் சேத்துக்குங்க. 13 லிட்டர் நிரப்பினா பெட்ரோல் மட்டும் பத்து கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. பிரேக் அடிக்கறப்ப அந்தப் பத்து கிலோவும் முன்னாடி போய் மோதும், கிளப்பறப்ப பின்னாடி வந்து மோதும். அத்தனையையும் தாங்கறது விரல் அகலத்துக்கு வச்ச ஒரு வெல்டு.

நம்ம பெரியவங்களுக்கு இது தெரிஞ்சிருந்தது. நுகத்தடியையும் ஏர்க்காலையும் ஆணி அடிச்சா சேத்தாங்க? கயிறு போட்டுத்தானே கட்டினாங்க. மாடு ஒண்ணு முன்ன, ஒண்ணு பின்ன போகும், நுகம் அசைஞ்சு கொடுக்கணும். ஆணி அடிச்சிருந்தா முதல் சால்லயே ஏர்க்கால் முறிஞ்சிருக்கும். எங்கெல்லாம் ரெண்டு பொருள் வேற வேற மாதிரி அசையுதோ, அங்கெல்லாம் நடுவுல இளக்கம் வேணும். இது பொறியியல் கல்லூரிப் பாடம் மட்டும் இல்லை, ஏர் பிடிச்சவன் பாடமும்தான்.

இப்ப எங்க பங்காளி வீட்டுப் பையன் கதைக்கு வர்றேன். பேரு வேண்டாம். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில ஒப்பந்த வேலை. அவன் வண்டிக்கு ஒரு பட்டறையில நீளமான டேங்க் மாட்டினாங்க. முன்னாடி ரெண்டு பட்டை, பின்னாடி ரெண்டு பட்டை, நாலையும் சேஸ்ல வெல்டு. நான் பாத்துட்டு, "ரப்பர் எங்கடா"ன்னேன். "ரப்பர் எல்லாம் பழைய ஸ்டைல் பெரியப்பா, இது ஸ்ட்ராங்கு"ன்னான். மூணு மாசம் ஓட்டினான். ஒரு ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வண்டலூர் வாலாஜாபாத் ரோட்டுல வர்றப்ப, தொடை ஈரமா இருக்கேன்னு பாத்திருக்கான். பின் பட்டை ஓரத்துல தகடு கிழிஞ்சு, பெட்ரோல் பேன்ட்ல இறங்கி, இன்ஜின் மேல சொட்டிக்கிட்டு இருக்கு. இன்ஜினை நிறுத்திட்டு வண்டியைப் படுக்க விடாம ஓரமாத் தள்ளிட்டுப் போய் நின்னுருக்கான். பக்கத்துல ஒருத்தர் பீடி பத்த வைக்கப் போனவரைக் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினானாம். அன்னைக்கு அவன் பொழைச்சது அவன் அம்மா செஞ்ச புண்ணியம். பட்டறையில கேட்டதுக்கு "ரோடு சரியில்ல தம்பி"ன்னு பதில் வந்துச்சு. ரோடு சரியில்லங்கறது நமக்கும் தெரியும். சரியில்லாத ரோட்டுல ஓடத்தானே வண்டி?

அதுக்கப்புறம் என்ன பண்ணினாங்க தெரியுமா? மறுபடி வெல்டு. கிழிஞ்ச டேங்கை எடுத்து, பெட்ரோலைக் கவுத்து ஊத்திட்டு, "காலி ஆயிடுச்சு"ன்னு நெருப்பைக் கொண்டு போனாங்க. நான் நடுவுல போய் நின்னு கத்தினதுல நிறுத்தினாங்க. இதைக் கொட்டை எழுத்துல எழுதிப் பட்டறை வாசல்ல மாட்டணும். நிறைஞ்ச டேங்கை விட காலி டேங்க்தான் ஆபத்து. பெட்ரோல் தண்ணியா எரியறதில்லை, ஆவிதான் எரியுது. காத்துல நூத்துக்கு ஒண்ணரை பங்கு சுமாருக்கு அந்த ஆவி கலந்தாலே வெடிக்கும். நூத்துக்கு ஏழெட்டுப் பங்கைத் தாண்டிட்டா காத்து பத்தாம எரியாது. நிறைஞ்ச டேங்க் உள்ள காத்துக்கு இடம் கம்மி. கவுத்து ஊத்தின டேங்க்ல காத்தும் இருக்கு, ஓரத்துல ஒட்டின பெட்ரோலோட ஆவியும் இருக்கு. நாட்டு வெடி மாதிரிதான் அது. அந்த ஆவி காத்தை விடக் கனம், தானா மேல போய்டாது, உள்ளயே படுத்திருக்கும். மூடியைத் திறந்து வெயில்ல ரெண்டு நாள் வச்சா போய்டும்னு நம்பறவங்க இருக்காங்க. மடிப்புக்குள்ளயும் துருவுக்குள்ளயும் ஊறி இருக்கறது, சூடு பட்ட உடனே வெளிய வரும்.

ஒட்டியே ஆகணும்னா, சோப்புத் தூள் போட்ட வெந்நீர்ல பல தடவை கழுவி, மூடியைத் திறந்து வச்சு, ஒட்டற இடத்துக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் தண்ணி நிரப்பிட்டு, உள்ள ஆவிக்கு இடமே இல்லாம பண்ணிட்டுத்தான் தொடணும். அதுவும் தெரிஞ்சவர் தொடணும். கசிவுக்குக் குளியல் சோப்பைத் தேய்ச்சு அடைக்கறது வீடு வந்து சேர்ற வரைக்கும்தான். அதை வச்சுக்கிட்டு ஒரு மாசம் ஓட்டறவங்களை நான் பாத்திருக்கேன்.

சரி, வேற டேங்க் மாட்டவே கூடாதா? நான் அப்படிச் சொல்லல. மாட்டறதுக்கு முறை இருக்கு. பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லை.

டேங்கை சேஸுக்காக வெட்டாதீங்க, டேங்குக்கு ஏத்த பிடிப்பைச் செய்யுங்க. சேஸ்ல வெல்டு வைக்கறதுக்குப் பதிலா, முதுகுக் குழாயைச் சுத்திக் கவ்விப் பிடிக்கற மாதிரி ரெண்டு துண்டுக் கிளாம்ப் லேத்துல செஞ்சு போல்ட் போட்டு மாட்டலாம். அதோட ரெண்டு பக்கமும் கம்பெனி ரப்பரைச் சொருகலாம். அந்த ரப்பர் என்ன விலை? ரெண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடற காசு. அதை மிச்சம் பிடிக்கறேன்னு லாரி டியூப்பை வெட்டி வைக்காதீங்க. சாதா ரப்பர் பெட்ரோல் பட்டா ஊறி உப்பும், கூழாப் போகும். பின்னாடி ஒரே போல்ட், ரப்பர், நடுவுல குழல். குழல் இல்லாம ரப்பரை நசுக்கி இறுக்கினா அதுவும் வெல்டு வச்ச மாதிரிதான்.

மாட்டின பிறகு அடியில கை விட்டுப் பாக்கணும். டேங்க் பள்ளத்துக்கும் குழாய்க்கும் நடுவுல ஒரு விரல் போகணும். அங்கதான் ஒயர் கட்டு ஓடுது. தகடு விளிம்பு ஒயர்ல உரசிக்கிட்டே இருந்தா, தோல் உரிஞ்சு ஒரு நாள் பொறி பறக்கும். பொறிக்கு மேல பத்து லிட்டர் பெட்ரோல், யோசிச்சுக்குங்க. ஹாண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாக்கணும். கட்டை விரல் டேங்குக்கும் ஹாண்டிலுக்கும் நடுவுல மாட்டினா, சந்துல வண்டி திருப்பறப்ப கீழ விழுவீங்க.

டேங்கோட அடிமட்டம் கார்பரேட்டரை விட மேல இருக்கணும், காக் டேங்க்லயே தாழ்ந்த இடத்துல இருக்கணும். இல்லன்னா கால் டேங்க் பெட்ரோல் ஒரு மூலையில தேங்கி நிக்கும், வண்டி நின்னு போகும். வாய்க்கால் மட்டம் பாக்கறவனுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூடியில இருக்கற மூச்சு ஓட்டையை பெயின்ட் அடிச்சு அடைச்சிடறாங்க. காத்து உள்ள போகலன்னா பெட்ரோல் கீழ வராது.

பெட்ரோல் டியூப்பையும் புதுசா மாத்திடுங்க. இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். நம்ம கரும்புல இருந்தும் மக்காச்சோளத்துல இருந்தும் வர்ற சரக்குதான். விவசாயிக்கு நல்லதுன்னு சொல்றாங்க, வரட்டும். ஆனா 30 வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச வண்டியோட ரப்பரும் டியூப்பும் இதை நினைச்சுச் செஞ்சது இல்லை. பைபர் டேங்க் மாட்டினவங்க இன்னும் உஷாரா இருங்க, எத்தனால் சில பைபர் ஒட்டுகளை இளக்கிடும்.

இவ்வளவுதான் முறை. ஒரு மத்தியான வேலை. இதை நம்ம பட்டறைகள்ல யாருக்கும் யாரும் சொல்லித் தர்றதில்லை. ஏன்? இந்த வேலையே திருட்டு வேலையா ஆயிடுச்சு. இங்கதான் சட்டத்தோட என் சண்டை வருது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. வண்டியைத் தயாரிச்சவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியோட அடிப்படை அமைப்பை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில, கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாச் சொல்லிடுச்சு. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி, அனுமதி இல்லாம வண்டியை மாத்தின உரிமையாளருக்கு ஆறு மாசம் வரை சிறை, இல்லன்னா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், இல்லன்னா ரெண்டும்னு வச்சாங்க. சேஸை அறுத்து ஒட்டினவன் இதுல வசமா மாட்டுவான்.

சட்டத்தோட நோக்கம் எனக்குப் புரியுது. சேஸை அறுத்துட்டு 100 கிலோமீட்டர் வேகத்துல போறவன் சாகறது மட்டும் இல்லை, எதிர்ல மாட்டுக்குத் தீவனம் கட்டிக்கிட்டு வர்ற என்னையும் சேத்துக் கொண்டு போவான். ஆனா இந்தச் சட்டத்தால நடந்தது என்ன? ரோட்டுல நிறுத்தினா சைலன்சர் சத்தத்தைப் பாக்கறாங்க, நம்பர் பிளேட்டைப் பாக்கறாங்க. டேங்க் அடியில ரப்பர் இருக்கான்னு குனிஞ்சு பாத்ததை நான் பாத்ததில்லை. ஒழுங்கா மூணு இடத்துல ரப்பர் வச்சு மாட்டினவனும், நாலு இடத்துல வெல்டு அடிச்சவனும் சட்டத்துக்கு முன்னாடி ஒண்ணுதான். அப்ப ஒழுங்கா செய்யறவனுக்கு என்ன லாபம்? வேலை ராத்திரிப் பட்டறைக்குப் போய்டுச்சு. யாரும் பில் தர்றதில்லை, பேர் எழுதறதில்லை. தப்பு நடந்தா கேக்கவும் முடியாது, "உன் வண்டியே சட்ட விரோதம், போ"ன்னு வாயை அடைச்சிடறாங்க.

மத்த நாட்டுல என்ன பண்றாங்க? இங்கிலாந்துல வீட்டுல கட்டின மோட்டார் சைக்கிளைக் கூட ஒத்தை வண்டியாக் கொண்டு போய்ப் பரிசோதனைக்குக் காட்டி அனுமதி வாங்க வழி இருக்கு. ஜெர்மனியில பாகம் மாத்தினா பரிசோதகர் பாத்து, சரியா இருந்தா வண்டிப் புத்தகத்துலயே எழுதிக் கொடுக்கறார். அங்கயும் கண்டிப்புதான், இன்னும் சொல்லப் போனா நம்மளை விட அதிகக் கண்டிப்பு. ஆனா உள்ள வர ஒரு கதவு இருக்கு. அவ்வளவு தூரம் போவானேன்? இருங்காட்டுக்கோட்டையில 1990-ல இருந்து ஓடற ரேஸ் களம் இருக்கு. அங்க பந்தயத்துக்கு முன்னாடி ஒவ்வொரு வண்டியையும் பரிசோதிச்சுத்தான் உள்ள விடறாங்க. பந்தயம் ஓட்டறவனுக்கு இருக்கற பாதுகாப்பு, ஷிப்டுக்குப் போற பையனுக்கு இல்லை.

நம்ம பக்கத்துல வசதி இல்லாமலா? புல்லட் 1955-ல இருந்து மெட்ராஸ்ல, திருவொத்தியூர்ல செஞ்ச வண்டி. 2013-ல ஒரகடத்துலயும் 2017-ல வல்லம் வடகாலுலயும் ராயல் என்பீல்டு ஆலை வந்துடுச்சு. வல்லம் வடகாலுல யமஹாவும் இருக்கு. குரோம்பேட்டை எம்ஐடியில மோட்டார் வாகனப் பொறியியல் சொல்லித் தர்றாங்க. ஐடிஐ-ல இருசக்கர, மூணு சக்கர வாகன மெக்கானிக்னே ஒரு வருஷப் படிப்பு இருக்கு. எல்லாத்துக்கும் மேல, மத்திய அரசோட வாகனப் பரிசோதனை மையம் ஒண்ணு ஒரகடம் சிப்காட்லயே, முந்நூறு ஏக்கர் சுமாருக்கு உக்காந்திருக்கு. கம்பெனிகள் வண்டியை அங்க கொண்டு போய் ஓட்டிப் பாத்து, ஆட்டிப் பாத்து, மோதிப் பாத்து சான்று வாங்குது. ஏரியும் வயலுமா இருந்த நம்ம பக்கத்துலதான் இவ்வளவும் எழும்பி நிக்குது. அந்த மதில் சுவருக்கு வெளிய, ரெண்டு மைல்ல ஒரு பட்டறையில, காலி டேங்க்ல நெருப்பு வைக்கறான் ஒருத்தன்.

"இந்தப் பசங்களுக்கு வேற வேலை இல்ல, வண்டியைப் பிடுங்கிக் குப்பையில போடணும்"னு சொல்ற பெரியவங்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணே, அவங்களுக்கு வேற வேலை என்ன மிச்சம் வச்சோம்? உங்க அப்பா கலப்பை செதுக்கினார். நீங்க கிணத்துல மோட்டார் இறக்கினீங்க, வரப்பு வெட்டினீங்க, கொட்டாய் போட்டீங்க. கையால ஒண்ணை உருவாக்கி "இது நான் செஞ்சது"ன்னு சொல்ல உங்களுக்கு ஆயிரம் இருந்துச்சு. நிலம் மனை ஆயிடுச்சு. பையன் எட்டு மணி நேரம் நின்ன இடத்துல நின்னு, அடுத்தவன் வண்டிக்கு ஒரே போல்ட்டை இறுக்கறான். அந்தப் போல்ட்டைக் கூட எவ்வளவு இறுக்கணும்னு கருவி சொல்லுது. அவன் மனசு வச்சு, அவன் கையால செய்யறது ஞாயித்துக்கிழமை அந்தப் பழைய வண்டி ஒண்ணைத்தான். அதைப் பிடுங்கிட்டா அவன் கையில செல்போன்தான் இருக்கும். பிடுங்காதீங்க. சரியா செய்யச் சொல்லுங்க.

பசங்களுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, நீ கம்பெனியில அளவு கருவி வச்சுப் போல்ட் இறுக்கறவன். ரப்பர் புஷ் எதுக்குன்னு உனக்குத் தெரியாதுன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். அடுத்தவன் வண்டிக்கு அவ்வளவு ஒழுங்கு பாத்துட்டு, உன் தொடைக்கு நடுவுல வைக்கற டேங்கை மட்டும் எவனோ அவசரத்துல ஒட்டிக் கொடுக்கறதை எப்படி ஒத்துக்கறே? உன் உசுரு அந்த வாடிக்கையாளர் உசுரை விட மலிவா?

நான் கேக்கறது பெருசு இல்லை. 15 வருஷம் முடிஞ்ச வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்க எப்படியும் ஆர்டிஓ ஆபீஸ்ல வண்டியைக் காட்டணும். அப்படிப் பழைய வண்டி தாம்பரம் பக்கம் எத்தனையோ ஓடுது. அந்தப் பரிசோதனையில டேங்க் பிடிப்பு, ரப்பர், பெட்ரோல் டியூப், இந்த மூணையும் சேருங்க. டேங்க் மாதிரி மேல் பாகம் மாத்தினவனுக்கு, நியாயமான கட்டணத்துல, ஒத்தை வண்டிப் பரிசோதனைக்கு வழி திறங்க. சரியா இருந்தா எழுதிக் கொடுங்க, தப்பா இருந்தா பிரிச்சுட்டு வரச் சொல்லுங்க. சேஸை அறுத்தவனுக்கு அபராதம் போடுங்க, நான் குறுக்க வரல. ஐடிஐ-க்காரங்க ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் வாசலைத் திறந்து, பட்டறைக்காரங்களுக்கும் பசங்களுக்கும் சேத்து இதைச் சொல்லித் தரட்டும். வயல்ல புதுப் பூச்சி வந்தா வேளாண் அதிகாரி ஊருக்கு வந்து கூட்டம் போடறாரே, அது மாதிரி.

சட்டம் வரட்டும், வராம போகட்டும். இன்னைக்கு ராத்திரி நீங்க செய்யக் கூடியது ஒண்ணு இருக்கு. உங்க வீட்டுப் பையன் தூங்கப் போன பிறகு அவன் வண்டிகிட்ட போங்க. டேங்கை ரெண்டு கையாலயும் பிடிச்சு மெதுவா ஆட்டுங்க. பிடிச்ச இடத்துலயே கொஞ்சம் அசைஞ்சு திரும்பி வந்து நின்னா ரப்பர் வேலை செய்யுது, நிம்மதியாப் போய்ப் படுங்க. கடகடன்னு சத்தம் கேட்டா ரப்பர் போயிடுச்சு, நாளைக்கு மாத்தச் சொல்லுங்க. கல்லு மாதிரி அசையாம நின்னா, அடியில விரலை விட்டு அந்த வெல்டு ஓரத்தைத் தடவுங்க. விரல்ல பெட்ரோல் வாசம் வந்தா, காலையில சாவியை அவன் கையில கொடுக்காதீங்க.